மவுன்ட் கட்டர் வாங்கப் போறீங்களா? விலையைக் கேட்கிறதுக்கு முன்னாடி நாலு மூலையைப் பாருங்க!

ஒரே போட்டோ, ஒரே ஃபிரேம். ஒன்றில் படம் கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றில் படத்தைச் சுற்றி இரண்டரை இன்ச் அகலத்துக்கு வெள்ளை அட்டை, அதன் உள்விளிம்பில் மெலிதாக ஒரு சாய்வு வெட்டு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிப் பாருங்க. ரெண்டாவது படம்தான் கேலரியில் இருந்து வந்த மாதிரி தெரியும். அந்த அட்டைக்குப் பெயர்தான் மவுன்ட். அந்த சாய்வு வெட்டைப் போடும் கருவிதான் மவுன்ட் கட்டர்.

வீட்டு மாடியிலோ, சின்னதாக ஒரு கடை பிடித்தோ ஃபிரேமிங் தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கட்டைக்கும் கண்ணாடிக்கும் பட்ஜெட் போடுவார்கள். மவுன்ட் கட்டர் என்று வரும்போது, 'கத்திதானே... ஸ்டீல் ஸ்கேலை வெச்சு வெட்டிக்கலாம்' என்று தோன்றும். ஆனால், வாடிக்கையாளர் ஃபிரேமைக் கையில் வாங்கியதும் கண் போகும் முதல் இடம் மவுன்ட்டின் உள்மூலைதான். அங்கே ஒரு நூல் பிசகினாலும் மொத்த வேலையும் மட்டமாகத் தெரியும்.

அதனால், கையால் இயக்கும் மவுன்ட் கட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

அழகுக்கு மட்டுமா மவுன்ட்?

இல்லை. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைத் தருவது மவுன்ட். சாதாரண மவுன்ட் போர்டின் தடிமன் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். கேட்கும்போது ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால், கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டே இருக்கும் போட்டோ, காலப்போக்கில் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். தாத்தா, பாட்டியின் பழைய பிளாக் அண்டு ஒயிட் போட்டோவுக்கு இன்னொரு காப்பி கிடைக்காது, இல்லையா?

போர்டின் தரமும் முக்கியம். மரக்கூழில் செய்த மலிவு போர்டில் அமிலத்தன்மை இருக்கும். சில வருடங்களில் சாய்வு வெட்டு பழுப்பேறும். படத்தின் ஓரத்திலும் பழுப்புக் கோடு விழும். ஒரிஜினல் ஓவியம், பழைய போட்டோ என்றால் அமிலம் நீக்கிய கன்சர்வேஷன் போர்டு அல்லது பருத்தியில் செய்த மியூசியம் போர்டு பயன்படுத்துவதே நல்லது. தஞ்சாவூர் ஓவியம் மாதிரி கல் பதித்து மேடாக இருக்கும் படங்களுக்கு மவுன்ட்டின் தடிமன் மட்டும் போதாது. அவற்றுக்கு ஆழமான ஃபிரேம் தேவை.

மூலை ஏன் சொதப்புது?

கட்டர் வாங்கும் முன் அது வெட்டும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். மவுன்ட் போர்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் இருந்துதான் வெட்டுவார்கள். பிளேடு 45 டிகிரி சாய்வில் இறங்கும். இதைத்தான் பெவல் கட் என்கிறார்கள். சாய்வாக இறங்குவதால், பின்பக்கம் பிளேடு நுழைந்த இடமும் முன்பக்கம் வெளியே வரும் இடமும் ஒன்றாக இருக்காது. ஏறக்குறைய அட்டையின் தடிமன் அளவுக்குத் தள்ளிப்போகும்.

அதனால் பின்பக்கத்தில் பென்சில் கோடுகள் சந்திக்கும் இடத்தைத் தாண்டி, ஒன்றரை மில்லிமீட்டர் போல கூடுதலாக வெட்டினால்தான் முன்பக்கத்தில் மூலை சரியாகச் சேரும். அதிகமாகத் தாண்டினால், முன்பக்கத்தில் மூலைக்கு வெளியே கீறல் தெரியும். குறைவாக வெட்டினால், நடுத்துண்டு மூலையில் ஒரு நார் போலப் பிடித்துக்கொண்டு விழாது. அதைப் பிடித்து இழுத்தால் பிசிறு. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் மில்லிமீட்டரை ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடித்துத் தருவதற்குத்தான் நீங்கள் கட்டருக்குக் காசு கொடுக்கிறீர்கள். பிளேடு எல்லாக் கட்டரிலும் தேயும், மாற்றிக்கொள்ளலாம். கோணலான ரெயிலை மாற்ற முடியாது.

மூணு வகை இருக்கு!

முதல் வகை, கையில் பிடித்து வெட்டும் சின்ன கட்டர். பிளேடு 45 டிகிரியில் பொருத்தப்பட்டிருக்கும். ஸ்கேலை நீங்கள்தான் அசையாமல் பிடிக்க வேண்டும். விலை குறைவு. ஆனால், ஸ்கேல் நழுவினால் போர்டு போச்சு. வீட்டுக்கு நாலைந்து படம் போட நினைப்பவர்களுக்கு இது சரி. தொழிலுக்குப் போதாது.

இரண்டாவது, பலகையோடு சேர்ந்து வரும் கட்டர். அடியில் ஒரு பலகை, அதன்மேல் தூக்கி இறக்கக்கூடிய கைடு ரெயில், அதில் ஓடும் கத்தித் தலை. மார்ஜின் அகலத்தை செட் செய்ய ஒரு பக்க கைடும் இருக்கும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் பென்சில் கோட்டையும் கட்டரில் இருக்கும் குறியையும் வைத்து நீங்களே கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அமெரிக்காவின் லோகன் நிறுவனத்தின் 32 இன்ச் காம்பாக்ட் மாடல்கள் இந்த வகைதான். ஆரம்ப நிலைக்கு ஏற்றவை.

மூன்றாவது, வொர்க்‌ஷாப் கட்டர். இதில் ரெயில் தடிமனாக இருக்கும். போர்டை செங்கோணத்தில் நிறுத்த ஒரு நீளமான ஸ்கொயரிங் ஆர்ம் இருக்கும். முக்கியமாக, வெட்டு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே செட் செய்யும் ஸ்டாப்கள் இருக்கும். ஒருமுறை செட் செய்துவிட்டால் பென்சில் கோடே தேவையில்லை. லோகனின் ஃபிரேமர்ஸ் எட்ஜ், ஃபிளெட்ச்சர் 2200, பிரிட்டனின் கீன்கட் அல்டிமேட் எல்லாம் இந்த ரகம்.

இதற்கும் மேலே கம்ப்யூட்டரில் இயங்கும் கட்டர்கள் இருக்கின்றன. ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் வெட்டவும், விதவிதமான வடிவங்களுக்கும் அவை வசதி. தொடங்கும் கடைக்கு அந்த முதலீடு பெரிய சுமை. ஆர்டர் பெருகின பிறகு யோசிச்சுக்கலாம்.

எவ்வளவு நீளம் வேணும்?

'பெருசா வாங்கிட்டா பிரச்னை இல்ல' என்று நினைப்பீர்கள். முதலில் உங்களுக்குக் கிடைக்கும் போர்டின் அளவைக் கேளுங்கள். உலக அளவில் பரவலாகப் புழங்கும் ஒரு சைஸ் 32×40 இன்ச். இதில் 16×20 இன்ச் மவுன்ட் சரியாக நாலு கிடைக்கும். முதலில் 40 இன்ச்சை நடுவில் வெட்ட வேண்டும். அந்த வெட்டின் நீளம் 32 இன்ச். பிறகு ஒவ்வொரு பாதியையும் மறுபடி நடுவில் வெட்டினால், வெட்டின் நீளம் 20 இன்ச்தான். ஆக, முழு 32 இன்ச்சுக்கு வெட்டும் சின்ன கட்டரே இதற்குப் போதும்.

பெரிய படங்கள் வரும்போதுதான் சிக்கல். 24×36 இன்ச் போஸ்டருக்குச் சுற்றிலும் 3 இன்ச் மார்ஜின் விட்டால் வெளி அளவு 30×42 இன்ச். 32×40 போர்டிலேயே அது அடங்காது. பெரிய போர்டும் வேண்டும், 48 இன்ச் கட்டரும் வேண்டும். ஃபிளெட்ச்சர் 2200, 48 இன்ச், 60 இன்ச் என இரண்டு அளவுகளில் வருகிறது. லோகனில் 40 இன்ச் மாடல்களும் உண்டு.

அடுத்த கேள்வி, இடம். 60 இன்ச் என்றால் ஐந்து அடி. அதோடு போர்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க இடம், நீங்கள் நின்று இழுக்க இடம் எல்லாம் வேண்டும். சின்ன ரூமில் ஐந்தடி மெஷினைப் போட்டுவிட்டு, ஃபிரேம் ஒட்ட இடமில்லாமல் தவிக்கக் கூடாது. கடந்த சில மாதங்களில் உங்களிடம் வந்த ஆர்டர்களின் அளவுகளை எழுதிப் பாருங்கள். பத்தில் ஒன்பது ஆர்டர் 20×24 இன்ச்சுக்குள் இருந்தால், நீளத்துக்குக் கொடுக்கும் காசை ஸ்டாப் இருக்கும் மாடலுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கடையிலேயே செய்து பார்க்க நாலு டெஸ்ட்

டெமோ பார்க்கப் போகும்போது நீங்கள் வழக்கமாக வாங்கும் போர்டில் நாலைந்து துண்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு மூலைமட்டம், ஒரு புது பிளேடு எடுத்துப் போங்கள்.

நேர்கோடு டெஸ்ட்: ரெயிலின் முழு நீளத்துக்கும் ஒரு நேர் வெட்டு போடுங்கள். இன்னொரு போர்டிலும் அதேபோல வெட்டுங்கள. ரெயிலின் ஒரே பக்கத்தில் விழுந்த துண்டுகளை மட்டும் எடுத்து, ஒன்றைத் தலைகீழாகச் சுற்றி, வெட்டிய விளிம்புகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து வையுங்கள். நடுவிலோ ஓரத்திலோ வெளிச்சம் தெரிந்தால் ரெயில் வளைந்திருக்கிறது. இந்த முறையில் தப்பு இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் கண் ஏமாறாது. ஒரே வெட்டில் பிரிந்த ரெண்டு துண்டையும் சேர்த்துப் பார்க்காதீர்கள். ரெயில் எவ்வளவு வளைந்திருந்தாலும் அவை கச்சிதமாகப் பொருந்தும்!

செங்கோண டெஸ்ட்: 12×16 இன்ச்சில் ஒரு ஜன்னல் வெட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்தால் 20 இன்ச் வர வேண்டும். ஸ்கூலில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். அதைவிட முக்கியம், இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு மற்றது குறைந்தால் ஸ்கொயரிங் ஆர்ம் சரியான செங்கோணத்தில் இல்லை. அதை ஸ்குரூ திருகிச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். வழி இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் வேண்டாம்.

மூலை டெஸ்ட்: நாலு உள்மூலைகளையும் மொபைல் கேமராவில் ஜூம் செய்து பாருங்கள். முன்பக்கத்தில் வெளியே நீளும் கீறல், பிசிறு, வெட்டு தொடங்கும் இடத்தில் கொக்கி போல வளைவு... இந்த மூன்றையும் தேடுங்கள். பின்பக்கத்தில் கோடு கொஞ்சம் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. கொக்கி வளைவு வந்தால் உடனே மெஷினைக் குறை சொல்லிவிடாதீர்கள். பிளேடு தேவைக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வளையும். ஆழத்தைக் குறைத்து, புது பிளேடு போட்டு வெட்டிய பிறகும் வந்தால், கத்தித் தலையில் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். தலையைக் கையால் பிடித்து இடவலமாக அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரிப்பீட் டெஸ்ட்: செட்டிங்கை மாற்றாமல் ஒரே அளவில் ரெண்டு மவுன்ட் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். வெளி விளிம்பும் ஜன்னலும் ஒருசேரப் பொருந்த வேண்டும். முடிந்தால் டபுள் மவுன்ட்டும் போட்டுப் பாருங்கள். மேல் மவுன்ட்டுக்குள் இன்னொரு நிற மவுன்ட் 5 மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கும் ஸ்டைல் அது. அந்த மெல்லிய பட்டையில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால்கூட ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஒல்லியாகத் தெரியும். கட்டருக்கு இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது.

ஸ்டாப் இருந்தா என்ன லாபம்?

ஒரு கணக்கு போடலாம். 8×12 இன்ச் போட்டோ என்றால் மில்லிமீட்டரில் 203×305. ஓரம் வெளியே தெரியாமல் இருக்க, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் மவுன்ட்டுக்குள் மறைய வேண்டும். நம் ஆசாரிகள் சொல்லும் 'ஒரு நூல்' ஏறக்குறைய இந்த அளவுதான். அப்போது ஜன்னல் 197×299. சுற்றிலும் 60 மில்லிமீட்டர் மார்ஜின் விட்டால் வெளி அளவு 317×419.

ஸ்டாப் இல்லாத கட்டரில் ஒவ்வொரு போர்டின் பின்னாலும் நாலு கோடு போட வேண்டும். நாலு முறை தொடக்கம், நாலு முறை முடிவு என எட்டு இடங்களில் கண்ணைக் குவிக்க வேண்டும். ஒரு போட்டோகிராபர் இதே அளவில் இருபது மவுன்ட் கேட்டால், 160 இடங்களில் தப்பு நடக்க வாய்ப்பு. ஸ்டாப் இருந்தால் 60 மில்லிமீட்டரில் மார்ஜினை செட் செய்து, போர்டைத் திருப்பித் திருப்பி இழுத்துக்கொண்டே போகலாம்.

16×20 இன்ச் மவுன்ட்டில் ஒன்று வீணானால் கால் ஷீட் போச்சு. அந்தக் கால் ஷீட்டின் விலையையும், திரும்ப வெட்டும் நேரத்தையும் ஒரு மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள். ஸ்டாப் வைத்த மாடலுக்கும் சாதா மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசம் எத்தனை மாதத்தில் கழியும் என்று தெரிந்துவிடும். நீண்ட காலம் எடுக்கும் என்றால் உங்களுக்கு இப்போது சாதா மாடலே போதும்.

பிளேடு கிடைக்குமா?

மெஷின் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ஒவ்வொரு கட்டருக்கும் அதற்கென ஒரு பிளேடு உண்டு. அளவும் தடிமனும் மாறினால் வெட்டின் ஆழம் மாறும். பிளேடு நம்பரைக் குறித்துக்கொண்டு, இங்கே சுலபமாகக் கிடைக்கிறதா, பாக்கெட் என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டில் இருந்து பிளேடு வரும்வரை ஆர்டர் காத்திருக்காது.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு ஓவியத்தின் மவுன்ட்டைக் கெடுப்பதைவிட ஒரு பிளேடை மாற்றுவது மலிவு. வெட்டும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ, விளிம்பில் பஞ்சு போலப் பிசிறு நின்றாலோ உடனே மாற்றிவிடுங்கள். மியூசியம் போர்டு வெட்டும்போது ஒவ்வொரு வேலைக்கும் புது பிளேடு போடுவது நல்லது. கழற்றிய பிளேடுகளைக் குப்பையில் அப்படியே போடாமல் ஒரு பழைய மாத்திரை டப்பாவில் சேர்த்து, மூடி ஒட்டிப் போடுங்கள். குப்பை எடுப்பவர் கையும் முக்கியம்.

போர்டுக்கு அடியில் எப்போதும் ஒரு வேஸ்ட் அட்டைப் பட்டை இருக்க வேண்டும். இதை ஸ்லிப் ஷீட் என்பார்கள். பிளேடு போர்டைக் கடந்து இதில் லேசாகக் கீறினால் ஆழம் சரி. ஆழமாகக் குடைந்தால் அதிகம். ஒரே தடத்தில் பள்ளம் விழுந்த ஸ்லிப் ஷீட்டை மாற்றாமல் இருந்தால், பிளேடு அந்தப் பள்ளத்துக்குள் இழுபட்டு வெட்டு கோணும்.

செகண்ட் ஹேண்ட், ஆன்லைன்... உஷார்!

நல்ல வொர்க்‌ஷாப் கட்டர், பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால், ஸ்கொயரிங் ஆர்ம், ஸ்டாப்கள், பக்க கைடு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ரெயிலின் கீல் ஆடக் கூடாது. அடிப்பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். மரத்தூள் பலகை ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்கு வராது. மேலே சொன்ன நாலு டெஸ்ட்டும் பழைய மெஷினுக்கும் பொருந்தும்.

ஆன்லைனில் இறக்குமதி செய்தால் கப்பல் செலவு, சுங்க வரி இரண்டையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். நீளமான ரெயில் வழியில் அடிபட்டு வளைய வாய்ப்பு உண்டு. பெட்டியைத் திறக்கும்போது கண்டிப்பாக அன்பாக்ஸிங் வீடியோ எடுங்கள். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் நேர்கோடு டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள்.

வாங்கி வந்த மெஷினை இடுப்பு உயர மேஜையில், ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடாமல் உட்கார வையுங்கள். மேஜை முறுக்கிக்கொண்டிருந்தால் பலகையும் அதோடு முறுக்கும். எவ்வளவு விலை உயர்ந்த கட்டரும் அதன்மேல் நேராக வெட்டாது. ஈரச் சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. மவுன்ட் போர்டுகளையும் படுக்கவைத்தே அடுக்குங்கள். வளைந்த போர்டில் பிளேடின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும்.

சரி, யாருக்கு எது?

சொந்தப் படங்கள், நண்பர்களுக்கு கிஃப்ட் என்ற அளவில் இருப்பவர்களுக்குக் கையில் பிடிக்கும் கட்டரும், நல்ல கனமான ஸ்டீல் ஸ்கேலும் போதும்.

இன்ஸ்டாகிராமில் வாரத்துக்கு நாலைந்து ஆர்டர் எடுப்பவர்களுக்கு, ரெயிலும் பக்க கைடும் உள்ள 32 அல்லது 40 இன்ச் கட்டர் சரியாக இருக்கும். இதில் கை பழகினால், பெரிய மெஷினுக்குப் போகும்போது சுலபமாக இருக்கும்.

கடை போட்டு, போட்டோகிராபர்களுக்கும் ஓவியர்களுக்கும் ஒரே அளவில் அடிக்கடி வெட்டித் தருபவர்களுக்கு, ஸ்டாப்பும் ஸ்கொயரிங் ஆர்மும் உள்ள வொர்க்‌ஷாப் கட்டர் தேவை. நீளத்தை உங்கள் ஆர்டர் புக் முடிவு செய்யட்டும். வட்டமும் ஓவலும் வெட்ட தனி கட்டர் வேண்டும். அந்த மாதிரி ஆர்டர் தொடர்ந்து வந்தால் மட்டும் வாங்குங்கள்.

எந்தக் கட்டரானாலும், வாடிக்கையாளரின் படத்துக்கு வெட்டும் முன் அதே போர்டின் ஓரத்துண்டில் ஒரு மூலை வெட்டிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலைதான். 'போர்டை வெச்சு வெட்டிப் பார்க்கணும்' என்று கேட்டதும் கடைக்காரர் தயங்கினால், அடுத்த கடைக்குப் போங்கள். அவரே சிரித்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினால் வெட்டிப் பாருங்கள். நாலு மூலையும் சுத்தமாக விழுந்து, நடுத்துண்டு தானாகக் கழன்று வந்தால், பில் போடச் சொல்லிடுங்க!